பக்கோடா செத்த பிறகு வந்த பில்

பக்கோடா செத்துப் பதினோராவது நாள், அன்று காலை அதற்கு டிரிப்ஸ் ஏற்றியதாக ஒரு பில் வந்தது.

நாசியா போனை மேஜைக்கு அடியில் வைத்துப் பார்த்தாள். எதிரே ஆறு பேர் காத்திருந்தார்கள். திண்டிவனம் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்சந்தில் இருக்கும் அந்தத் தனியார் இ-சேவை மையத்தில் செவ்வாய்க்கிழமை என்றாலே கூட்டம்தான். பிரின்டரின் சூட்டு வாடையும், யாரோ பையில் வைத்திருந்த வறுத்த மல்லாட்டைக் கடலையின் வாசனையும், இறக்கை வளைந்த ஃபேன் சுற்றுக்கு ஒரு தரம் 'டக்' என்று எதையோ தட்டும் சத்தமும் கலந்து, அந்தச் சின்ன அறை பகல் பதினொரு மணிக்கே வெந்துகொண்டிருந்தது.

முன்னால் உட்கார்ந்திருந்த பெரியவர் விருத்தாசலம் ஒரு காகிதத்தை நீட்டினார்.

"நான் செத்துட்டேனாம்மா."

"எப்ப?"

"போன சித்திரையில. பென்ஷன் நின்னப்புறம்தான் எனக்கே தெரியும். எம் பங்காளி ஒருத்தன், அவனும் விருத்தாசலம்தான். செத்தது அவன். வெட்டுனது என் பேர."

பக்கத்து கம்ப்யூட்டரிலிருந்து கலைப்பிரியா எட்டிப் பார்த்தாள். "பெருசு, செத்தவங்களுக்கு டோக்கன் தனி. அந்தாண்ட போய் நில்லு."

கூட்டம் சிரித்தது. விருத்தாசலமும் சிரித்தார். ஒன்பது மாதமாக அலைகிறார், வேறு என்ன செய்வார். நாசியா மட்டும் சிரிக்கவில்லை. அவள் பார்வை போனில் இருந்தது.

'கேனுலா ஊசி ஒன்று. டிரிப்ஸ் இரண்டு பாட்டில். வலது முன்னங்கை முடி மழிப்பு. கூண்டு வாடகை ஒரு நாள். மொத்தம் ரூபாய் 1,840.'

முன்னங்கையா? பூனைக்கு ஏது கை?

பெரியவரின் மனுவை டைப் செய்து முடித்து, டீ குடிக்கிற சாக்கில் வெளியே வந்து, பக்கோடாவைச் சேர்த்திருந்த விழுப்புரம் கால்நடை கிளினிக்குக்குப் போன் போட்டாள்.

"சொல்லுங்க மேடம்." கவுன்டர் ஆள் அந்தோணிசாமியின் குரல். நாலு நாள் கேட்டுக் கேட்டுப் பழகிய குரல்.

"அண்ணே, நாசியா பேசுறேன். திண்டிவனம், பூனை. இன்னிக்கு ஒரு பில்லு அனுப்பியிருக்கீங்க, டிரிப்ஸ் ஏத்துனதா."

"ஆமா மேடம். டாக்டர் காலைல ஏத்தச் சொன்னாரு. இப்பப் பரவால்ல. கொஞ்சம் மொறைச்சிக்கினு இருக்கு."

"எது மொறைக்குது? அது செத்துப் பதினோரு நாளாவுது. நீங்கதானே அட்டைப்பெட்டியில வச்சு என் கையில குடுத்தீங்க?"

மறுமுனையில் காகிதம் புரளும் சத்தம். அதற்குப் பின்னால், தள்ளி எங்கேயோ, யாரோ ஒரு கம்பியை நகத்தால் மெல்லச் சுரண்டும் சத்தம்.

"ஃபைல் இன்னும் க்ளோஸ் ஆவல மேடம். ஃபைல் ஓப்பன்ல இருந்தா ட்ரீட்மென்ட் போய்க்கினுதான் இருக்கும்."

"செத்ததுக்கு ட்ரீட்மென்ட்டா? நல்லாருக்கே கதை! பழைய பாக்கி எட்டாயிரத்து நானூறு தர்றேன்னு சொன்னேன். தருவேன். இதுக்கு ஒரு பைசா தரமாட்டேன். எழுதி வச்சுக்கோங்க."

"எழுதிக்கிறேன் மேடம்," என்றார் அந்தோணிசாமி. நிஜமாகவே எழுதுகிறவரைப் போல நிறுத்தி நிதானமாகச் சொன்னார்.

கோபத்தில் நாசியாவுக்குக் காது சுட்டது. எல்லாம் கிளினிக்கில் கிடந்த அந்த நாலு நாளில் வந்தது. தெருநாய்கள் பக்கோடாவைக் கவ்வி உதறிப் போட்டபோது, நல்ல எக்ஸ்ரே விழுப்புரத்தில்தான் என்று யாரோ சொன்னார்கள். ஐயாயிரம் ஆகும் என்றுதான் சேர்த்தாள். தையல், ஸ்கேன், ரத்தம், மறுபடி தையல் என்று பில் இருபத்து மூன்றாயிரத்து நானூறில் போய் நின்றது, பக்கோடா அதற்கு முன்பே நின்றுவிட்டது. ஒரு வளையல் அடகுக்குப் போனது. மதியச் சாப்பாடு ஒரு பன்னும் டீயுமாகச் சுருங்கியது. கோட்டக்குப்பத்திலிருந்து உம்மா போனில், "ஒட்டகத்துக்குக்கூட இவ்வளவு ஆவாதுடீ, நீ பூனைக்குக் கொட்டிக்கினு வந்திருக்க" என்றாள். கொட்டினேன், இன்னும் இருந்தால் இன்னும் கொட்டியிருப்பேன் என்று நாசியா திருப்பிச் சொன்னாள். கல்யாணமாகி ஐந்து வருஷத்தில் நாலு வருஷம் அவள் புருஷன் ஹுதைஃபா குவைத்தில். அந்த நாலு வருஷமும் வாசலில் செருப்புச் சத்தம் கேட்டதும் ஓடி வந்த ஒரே ஜீவன் பக்கோடா. கருகல் புள்ளி விழுந்த பழுப்பு நிறம், எண்ணெயில் பொரித்து எடுத்த மாதிரி.

உள்ளே வந்து உட்கார்ந்தபோது வலது கை சில்லிட்டது. மணிக்கட்டுக்கு மேலே ஆரம்பித்து, நரம்புக்குள் பனித்தண்ணீர் ஊர்வது போல, மெல்ல, விடாமல், முழங்கை வரை ஏறியது.

கலைப்பிரியா அவள் கையைப் பிடித்துத் திருப்பினாள். "இன்னாக்கா இது? பிளாட் போட்ட மாதிரி அளந்து மழிச்சிக்கினு வந்திருக்க?"

முன்கையில் தீப்பெட்டி அளவுக்கு ஒரு சதுரம். ஒரு முடி இல்லை. நடுவில் ஒரு சிவப்புப் புள்ளி, ஊசி போனது போல.

காலையில் அது இல்லை.

---

புதன்கிழமை சாயங்காலம் இரண்டாவது பில் வந்தது.

கிடங்கல் பக்கம் அவள் வாடகைக்கு இருந்தது ஒரு ஹால், ஒரு சமையலறை, பின்னால் சின்னக் கொல்லை. கொல்லையில் பப்பாளி மரம், அதன் அடியில் பக்கோடா. வேலை முடிந்து வந்தவள் கதவைத் திறந்ததும் ஒரு வாடை அடித்தது. டெட்டால், ஈர ரோமம், நேற்று வைத்த மீன் சோறு மூன்றும் கலந்து, விழுப்புரம் கிளினிக்கின் பின்கட்டுக்கே உரிய அந்த வாடை, ஜன்னல் சாத்திய வீட்டுக்குள் அவளுக்கு முன்பே வந்து உட்கார்ந்திருந்தது போல இருந்தது. எல்லா ஜன்னல்களையும் திறந்துவிட்டாள். ஊதுவத்தி ஏற்றினாள். டீ போட்டுக்கொண்டு உட்கார்ந்தபோது போன் அதிர்ந்தது.

'கழுத்துக் கோன், பெரிய சைஸ், ஒன்று.'

கோன் என்றால் அவளுக்குத் தெரியும். புண்ணை நக்காமல் இருக்க மிருகங்களின் கழுத்தைச் சுற்றி மாட்டுகிற பிளாஸ்டிக் புனல். பக்கோடா அதை மாட்டிக்கொண்டு, பக்கவாட்டில் எதுவும் தெரியாமல், சுவரில் இடித்து இடித்து நின்றது நினைவுக்கு வந்தது.

டீயை எடுக்கத் திரும்பினாள். டம்ளர் தெரியவில்லை.

கண் தெரிந்தது. எதிரே இருந்த காலண்டர், அதன் தேதி, எல்லாம் பளிச்சென்று தெரிந்தது. ஆனால் இரண்டு ஓரங்களும் இல்லை. பாலைப் போல வெளுத்த, மங்கலான ஒரு சுவர் கன்னத்துக்கு இருபுறமும் எழும்பி நின்றது. கையால் தடவினாள், எதுவும் தட்டுப்படவில்லை. தெருவில் போன சைக்கிளின் செயின் காதுக்குள்ளேயே ஓடுவது போலக் கேட்டது. பக்கத்து வீட்டுக் குழாயின் சொட்டு, மாவரைக்கும் கல், கொல்லையில் பப்பாளி இலை ஒன்று தரையில் உரசி நகரும் சத்தம், எல்லாம் ஒரு புனலில் ஊற்றியது போல ஒன்றன்மேல் ஒன்றாக வந்து விழுந்தன. அவற்றுக்கு நடுவில் அவள் மூச்சு. அது மட்டும் இரண்டு தரம் கேட்டது. ஒன்று முன்னால். இன்னொன்று கொஞ்சம் பின்னால், கொஞ்சம் கீழே.

திரும்பினாள். சுவர்.

இந்தப் பக்கம். சுவர்.

"யார்றா அது?" என்று சத்தமாகவே கேட்டாள். குரல் அவள் முகத்திலேயே முட்டித் திரும்பியது.

நாசியா எழுந்து, தலையை முழுசாகத் திருப்பித் திருப்பிப் பார்த்து டம்ளரைக் கண்டுபிடித்து, ஆறிப்போன டீயைக் கடைசிச் சொட்டு வரை குடித்தாள். போட்ட டீயை யாருக்காகவும் கொட்டுகிறவள் இல்லை அவள்.

பிறகு பில்லை எடுத்து, மையத்தில் மற்றவர்களின் காகிதங்களைப் படிப்பது போல, மேலிருந்து ஒவ்வொரு கட்டமாகப் படித்தாள்.

நோயாளி பெயர்: நாசியா.
உரிமையாளர்: ஹுதைஃபா.
இனம்: பூனை.
வயது: 31. எடை: 54.200.

முதல் பில்லைத் திறந்தாள். அதிலும் நாசியா, ஹுதைஃபா. ஆனால் வயது 4, எடை 3.400.

அவளுக்குப் புரிந்தது. சேர்த்த அன்று, ரத்தம் சொட்டும் துண்டோடு அவள் கவுன்டரில் நிற்க, அந்தோணிசாமி தலையைத் தூக்காமல், "பேரு?" என்றார். நாசியா என்றாள். அடுத்ததாக அவர் ஏதோ கேட்டார், அதை அவள் காது வாங்கவே இல்லை. நாளைக்கு ஐம்பது ஃபாரம் நிரப்புகிறவள். பேருக்கு அடுத்த கட்டம் என்றால் கணவர் பேர்தான். ஹுதைஃபா என்றாள். போன் நம்பரும் இரண்டு கொடுத்தாள். பேர் திருத்துவதையே பிழைப்பாக வைத்திருக்கிறவள், தன் பேரைத் தப்பான கட்டத்தில் கொண்டுபோய் வைத்துவிட்டாள்.

இப்போது யாரோ அதைத் திருத்துகிறார்கள். தப்பான பேரை அல்ல. பேருக்குப் பொருந்தாத மற்றதை எல்லாம். ஒவ்வொரு கட்டமாக.

"வர்றேன்," என்றாள் நாசியா, போனைப் பார்த்து. "நாளைக்கு நேர்லயே வர்றேன்."

---

வியாழக்கிழமை காலை மிச்சமிருந்த வளையலையும் அடகு வைத்துவிட்டு விழுப்புரம் பஸ் ஏறினாள். கூட்டேரிப்பட்டு, விக்கிரவாண்டி டோல்கேட் எல்லாம் நேர் எதிரே ஒரு வட்டத்துக்குள் வந்து வந்து போயின. ஓரம் இன்னும் வரவில்லை.

கிளினிக்கில் மதிய நேரம் ஆள் இல்லை. டாக்டர் சாப்பிடப் போயிருந்தார். அந்தோணிசாமி டிபன் பாக்ஸைக் கழுவிக் கவிழ்த்துக்கொண்டிருந்தார். ஐம்பது வயது, சட்டைப் பையில் மூன்று பேனா, சாந்தமான முகம்.

"வாங்க மேடம். நடந்தே வந்துட்டீங்களா?" என்றார் ஆச்சரியமாக.

"அது எங்க இருக்கு?"

அவர் பின்கட்டைப் பார்த்தார். அதற்குள் நாசியா உள்ளே போய்விட்டாள்.

நீளமான அறை. ட்யூப்லைட் ஒன்று அணைந்து அணைந்து எரிந்தது. இரண்டு பக்கமும் அடுக்கடுக்காகக் கூண்டுகள், ஒரு கிழட்டு நாய், இரண்டு முயல், மற்றதெல்லாம் காலி. நாய் அவளைக் கண்டதும் குரைக்கவில்லை. வாலைக் கால்களுக்கிடையில் செருகிக்கொண்டு மூலைக்கு நகர்ந்தது. கடைசியில், தரையோடு, பெரிய நாய்களுக்கான கூண்டு. மேலே பச்சைத் துணி போர்த்தியிருந்தது. கம்பியில் ஒரு அட்டை கட்டித் தொங்கியது. அவள் பேர்.

துணி மூச்சு விட்டது.

லேசாக உள்ளே போனது, வெளியே வந்தது. நாசியா நின்றாள். அவள் மூச்சை இழுத்தபோது துணி உள்ளே போனது. விட்டபோது வெளியே வந்தது. அவள் மூச்சை அடக்கினாள்.

துணி நின்றது.

பத்து எண்ணினாள். இருபது. நெஞ்சு வெடித்தது. விட்டாள். துணியும் விட்டது.

குனிந்து, துணியின் மேல் கையை வைத்தாள். இழுத்துவிட வேண்டும், அவ்வளவுதான். ஒரே இழுப்பு.

துணிக்கு அந்தப் பக்கத்திலிருந்து ஒரு உள்ளங்கை வந்து அவள் உள்ளங்கையோடு ஒட்டியது.

விரலுக்கு விரல். அதே அளவு. சூடு.

கையை உதறிக்கொண்டு பின்னால் நகர்ந்தாள். நாய் ஊளையிட்டது. அவள் ஓடவில்லை. ஓடக்கூடாது என்று காலுக்குச் சொன்னாள். நடந்தே கவுன்டருக்கு வந்தாள்.

"இதை நிறுத்துங்க."

"ரெண்டு வழிதான் இருக்கு மேடம்," என்றார் அந்தோணிசாமி, பெரிய நோட்டைத் திறந்துகொண்டே. "குணமாச்சுன்னு டிஸ்சார்ஜ் போட்டு, ஓனர் வந்து கூட்டிக்கினு போவணும். இல்லாங்காட்டி இறப்புன்னு போடணும். எதுன்னாலும் ஓனர் சொல்லணும்."

"நான்தான் ஓனர்."

அவர் நோட்டை அவள் பக்கம் திருப்பினார். சொல்லவே சங்கடப்படுகிற மாதிரி விரலால் தொட்டுக் காட்டினார். "நீங்க பேஷண்ட் மேடம்."

"பேர் தப்பா ஏறிடுச்சு. பூனை பேரு பக்கோடா."

"நீங்க சொன்னதைத்தான் எழுதுனேன்." பேனாவைத் திறந்தார். "இறப்புன்னு போட்டுட்டா ஒரு பேஜாரும் இல்ல. கூண்டு வாடகை நிக்கும், ஜல்தியா முடிஞ்சிரும். ஓனர் சாருக்கு ஒரு போன் பண்ணி ஓகே வாங்கிடட்டா?"

பேனா முனை அந்தக் கடைசிக் கட்டத்தை நோக்கி இறங்கியது. நாசியாவின் இதயம் ஒரு துடிப்பைத் தவறவிட்டது. நிஜமாகவே ஒன்றைத் தவறவிட்டது. அவள் அவர் மணிக்கட்டைப் பிடித்தாள்.

"அந்தக் கட்டத்துல கை வச்சீங்க, நடக்கிறதே வேற."

"கோச்சிக்காதீங்க மேடம்..."

"எனக்கு ஓனரே கிடையாது. எங்க வாப்பாவும் கிடையாது, எம் புருஷனும் கிடையாது. நான் யாரு வீட்டு உருப்படியும் இல்ல. பேனாவக் குடுங்க."

பிடுங்கினாள். நோயாளி பெயர் என்ற இடத்தில் தன் பேரைக் குறுக்கே ஒரே கோடாக அடித்து, மேலே பக்கோடா என்று எழுதினாள். உரிமையாளர் என்ற இடத்தில் ஹுதைஃபாவை அடித்து நாசியா என்று எழுதினாள். திருத்தத்துக்குப் பக்கத்தில் சின்னக் கையெழுத்துப் போட்டு, தேதியும் போட்டாள். பிறகு எட்டாயிரத்து நானூறை எண்ணி மேஜையில் அடித்து வைத்தாள்.

"பக்கோடாவுக்கு ஆனது இது. அதுக்கு ஒரு ரூபா கடன் வைக்கமாட்டேன். எனக்குன்னு நீங்க போட்ட பில்லுக்கு ஒரு ரூபா தரமாட்டேன். ரசீது குடுங்க."

ரசீது கிழித்தார். "நோட்டுல சரி மேடம். கம்ப்யூட்டர்ல மாத்த ஓனர்தான் சொல்லணும்."

"சொல்லுவாரு. அதுவரைக்கும் அதுல ஒரு புள்ளி விழக்கூடாது."

வெளியே வெயிலில் நின்று ஹுதைஃபாவுக்குப் போன் செய்தாள். வேலை நேரம், அணைத்து வைத்திருந்தான். வாய்ஸ் மெசேஜ் போட்டாள்: "மச்சான், கிளினிக்லருந்து கூப்பிட்டா, பேர் தப்பு, மாத்துங்கன்னு மட்டும் சொல்லு. வேற ஒரு வார்த்த பேசாத." ஒற்றை டிக் விழுந்தது.

பஸ் ஏறி உட்கார்ந்தபோது, இடது கண் ஓரத்தில் ஒரு புளியமரம் தெரிந்தது. பிறகு வலது ஓரத்தில் ஒரு டிராக்டர். நாசியா வாய்விட்டுச் சிரித்துவிட்டாள். பக்கத்தில் இருந்த பெண் ஒரு மாதிரி பார்த்தாள். பார்க்கட்டும்.

விக்கிரவாண்டி தாண்டியதும் போன் வந்தது. ஹுதைஃபா.

"மச்சான்! மெசேஜ் கேட்டியா?"

"எந்த மெசேஜ்? இப்பத்தான் போனையே தொறக்குறேன். முதல்ல இதைக் கேளு. அந்த பில்லு மேட்டர முடிச்சிட்டேன்."

"எதை முடிச்ச?"

"எனக்கும் வந்துக்கினுதான் இருந்துச்சு. நீ வளையல அடகு வச்சன்னு உம்மா சொன்னாங்க. மனசு கேக்கல நாசியா. காலைல ஓவர்டைம் காசு வந்துச்சு. இப்ப பிரேக்ல போனத் தொறந்ததும் அந்தக் கிளினிக் ஆளு லைன்ல வந்தாரு, அப்பவே கட்டிட்டேன். ஃபைல என்னான்னு மூடுறதுன்னு கேட்டாரு. இறந்துடுச்சுங்க, மூடிடுங்கன்னேன்."

பஸ்ஸின் இரைச்சல் எங்கேயோ போனது.

"பேர் சொன்னியா?"

"அவரே படிச்சாரு. லைன் சரியில்ல, ஆமாம் ஆமாம்னேன். ஏன்?"

"திருப்பிக் கூப்பிடு. இப்பவே. சாகலன்னு சொல்லு."

"ஹலோ?"

"மச்சான், நான் சாகலன்னு சொல்லு!"

"ஹலோ? நாசியா? ஒண்ணும் கேக்க மாட்டேங்குது..."

லைன் செத்தது. திரையில் ஒரு வரி: சிம் இல்லை. அவள் முகத்துக்கு நேரே பிடித்தாள். முகம் பொருந்தவில்லை என்றது. மறுபடி பிடித்தாள். பொருந்தவில்லை.

விருத்தாசலத்துக்கு ஒன்பது மாதம். காகிதத்தில் ஒரு தரம் ஏறிவிட்டால், உயிரோடு வந்து நிற்கிற மனுஷனைப் பார்த்துக்கொண்டே, செத்தவர் என்று சொல்லிவிடுவார்கள்.

கண்டக்டர் வந்தார். பக்கத்துப் பெண்ணிடம் சில்லறை வாங்கினார். பின்சீட்டுக்குப் போனார். நாசியாவின் நீட்டிய கை நீட்டியபடியே இருந்தது.

---

கிடங்கல் தெருவில் வெயில் மஞ்சளாகச் சாய்ந்திருந்தது. வீட்டு வாசலில் ஒரு வேன். படியில் ஒரு சாக்கு.

வெள்ளை உர மூட்டைச் சாக்குகள் இரண்டை நீளவாக்கில் ஒட்டித் தைத்த சாக்கு. வாயையும் நெருக்கமாகத் தைத்திருந்தது, சிவப்பு நூலில். கதவில் சாய்த்து உட்கார வைத்தது போல இருந்தது.

பக்கத்தில் அந்தோணிசாமி, கையில் அட்டையும் காகிதமும்.

"வணக்கம் மேடம். இந்த வீடா?" என்றார். அந்தச் சாந்தமான முகத்தில் அவளைத் தெரிந்த அடையாளமே இல்லை. "திண்டிவனம் பேஷண்ட். மதியம் தவறிடுச்சு. பாடிய வீட்ல ஒப்படைக்கச் சொல்லி ஓனர் ஆர்டர். நீங்க சொந்தமா?"

"என்னைத் தெரியல உங்களுக்கு?"

"நெறைய பேர் வர்றாங்க மேடம், ஞாபகம் இல்ல." காகிதத்தைத் திருப்பினார். "வாங்கிக்கிறவங்க பேரு?"

"நாசியா."

"அது பேஷண்ட் பேரு மேடம். உங்க பேரக் கேட்டேன்."

கழுத்தில் மறுபடி அந்த வட்டம் இறுகியது. ஓரங்கள் வெளுக்கத் தொடங்கின. வேறு ஒரு பேரைச் சொல்லலாம். கலைப்பிரியா என்று சொல்லலாம், உம்மா பேரைச் சொல்லலாம். அவர் எழுதிக்கொள்வார், போய்விடுவார். அந்த நிமிஷத்திலிருந்து நாசியா என்பது இந்தச் சாக்கு. இவள் வேறு யாரோ.

நாசியா காகிதத்தைப் பார்த்தாள். மேலே உடலின் பேர். கீழே, வாங்குகிறவரின் கையெழுத்துக்கு ஒரு கட்டம். இத்தனை வருஷத்தில் எத்தனை ஃபாரம் பார்த்திருப்பாள். உடலை வாங்குகிறவள் உடலாக இருக்க முடியாது. எந்த ஃபாரமும் அதை ஏற்காது.

பேனாவை வாங்கி, கட்டம் முழுக்கத் தெரிகிற மாதிரி, பெரிதாகக் கையெழுத்துப் போட்டாள். நாசியா. கீழே தேதி. நேரம், 5.40.

அந்தோணிசாமி அதை வெகுநேரம் பார்த்தார். முதல்முறையாக அவர் முகத்தில் ஒரு குழப்பம் ஓடியது.

"ரெண்டும் ஒரே பேரா இருக்கே மேடம்."

"ஆமா. அதுல ஒண்ணுதான் உயிரோட இருக்கு. போயிட்டு வாங்க."

நகலைக் கிழித்துக் கொடுத்தார். வேன் கிளம்பியது. கழுத்தை இறுக்கியது விட்டுப்போனது. தெரு முழுசாக, இரண்டு ஓரத்தோடும் தெரிந்தது. கையில் இருந்த போன் உயிர் பெற்று அதிர்ந்தது, ஹுதைஃபா கூப்பிட்டான். எதிர்வீட்டு அம்மாள், "இன்னா நாசியா, மூட்டை பெருசா வந்திருக்கு?" என்று கேட்டுக்கொண்டே உள்ளே போனாள். அவளுக்குத் தெரிகிறது. பேர் தெரிகிறது.

ஜெயித்துவிட்டாள்.

சாக்கு அசைந்தது.

முதலில் தோள் இருக்கும் இடம். பிறகு முழங்கால். உள்ளே எதுவோ, வெகுநேரம் மடங்கிக் கிடந்து மரத்துப்போனது போல, மெதுவாக நிமிர்ந்தது. சாக்கு படியில் நேராக உட்கார்ந்தது. கதவைப் பிடித்து எழுந்தது. நின்றது.

அவள் உயரம். சரியாக அவள் உயரம்.

தலை இருக்கும் இடம் இந்தப் பக்கம் திரும்பியது. அந்தப் பக்கம் திரும்பியது. மோப்பம் பிடித்தது. நாசியா மூச்சை அடக்கினாள்.

இந்த முறை அது அடக்கவில்லை. சாக்கின் முன்பக்கம் உள்ளே போனது. வெளியே வந்தது. அதுவாக.

நாசியா நகரவில்லை. இது அவள் வாசல். கையெழுத்துப் போட்டு வாங்கியதும் அவள்தான். சாக்கை உரசிக்கொண்டு கையை நீட்டி, பூட்டைத் திறந்து, கதவைத் தள்ளினாள்.

"உள்ள வா," என்றாள். தொண்டையைச் செருமி மறுபடி சொன்னாள். "வா. நானா நீயான்னு பாத்துடலாம்."

சாக்குக்குள் பல் கடிக்கும் சத்தம் கேட்டது.

சிவப்பு நூலில் முதல் தையல் அறுந்தது. உள்ளேயிருந்து. பிறகு அடுத்தது.

அடுத்தது.